வாயுவா, பயமா... நெஞ்சு படபடத்தால் நாடியைப் பிடித்துப் பாருங்கள்!

நாற்று நடவு, வாழைத்தார் சுமப்பது, தண்ணீர் பாய்ச்ச இரவில் கண்விழிப்பது என்று உழைக்கிறவர்களுக்கு நெஞ்சு படபடப்பது புதிதல்ல. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் என மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அதை ‘வாயு’ என்றோ ‘வெயில் அசதி’ என்றோ சொல்லி, ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென நெஞ்சு அடித்துக்கொண்டு, சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென நின்றால், அது இதயத்துடிப்பின் தாளக் கோளாறாக இருக்கலாம்.

பம்பு வேறு... பேனல் போர்டு வேறு!

பம்பும் குழாயும் நன்றாக இருந்தாலும், பேனல் போர்டில் கோளாறு என்றால் தண்ணீர் சீராக வராது. இதயமும் அப்படித்தான். வலது மேலறையில் உள்ள ஒரு சிறு முடிச்சிலிருந்து கிளம்பும் மின்தூண்டல்தான் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைக்கிறது. மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு. தாளக் கோளாறு என்பது மின்சாரக் கோளாறு. இதற்கு முதலில் இதயநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால், ‘எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட்’ எனப்படும், துடிப்புக் கோளாறுகளுக்கென்றே பயிற்சி பெற்ற நிபுணரிடம் அவர் அனுப்புவார்.

தாமதித்தால் என்ன ஆகும்?

வயதானவர்களிடமும், சிறு வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்களிடமும் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் கோளாறு அதிகம். அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. முன்கூட்டியே கண்டுபிடித்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுத்தால் பெருமளவு தடுக்கலாம்.

இளம் பெண்களுக்குத் திடீரென வந்து போகும் வேகத்துடிப்பைப் ‘பயந்த கோளாறு’ என்று மந்திரிக்கப் போவதும் உண்டு. இதில் பல வகைகளை, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, கோளாறான இடத்தைச் சுட்டுச் சரிசெய்துவிட முடியும்.

சீட்டுதான் சாட்சி

படபடப்பு நின்றபின் எடுக்கும் ஈ.சி.ஜி. பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அதனால், ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பி வருகிறவர்கள் பலர். படபடக்கும்போதே, ஈ.சி.ஜி. வசதியுள்ள பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடுத்து, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நிபுணருக்கு அதுதான் முக்கியமான சாட்சி. அடிக்கடி வந்து போனால், 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவுசெய்யும் ‘ஹோல்டர்’ கருவியை உடலில் மாட்டிப் பார்ப்பார்கள்.

வீட்டிலும் பார்க்கலாம். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. உழைத்துப் பழகிய உடம்பில் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். எண்ணிக்கையோடு, துடிப்பு ஒரே சீராக வருகிறதா என்பதையும் தேதி, நேரத்தோடு குறித்துவையுங்கள்.

எங்கே போவது?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதயநோய்க்குத் தனித்துறை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், வருமானச் சான்று, குடும்ப அட்டையோடு கலெக்டர் அலுவலகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். நோய் வந்தபின் அலையாமல் இப்போதே பதிவது நல்லது.

உறைவுத் தடுப்புக்கு ‘வார்ஃபரின்’ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. அளவைத் திடீரெனக் கூட்டிக் குறைக்கக் கூடாது. நாட்டு மருந்து எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறலோடு படபடப்பு வந்தாலும், வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.