பெயர் தெரியாத பூச்செடியை அடையாளம் காணுதலும் கவாத்து செய்தலும்

வீட்டுத் தோட்டத்தில் பெயர் தெரியாமல் வளர்ந்து நிற்கும் பூச்செடியை வெட்டிச் சீராக்குவதற்கு முன் அது எந்த வகைச் செடி என அறிவது அவசியமாகும். பழைய வீட்டை வாங்கும்போதும், உறவினர் வீட்டிலிருந்து கிளை கொண்டுவந்து நடும்போதும் பெயர் தெரியாத செடிகள் தோட்டத்துக்கு வந்து சேர்கின்றன. அடையாளம் தெரியாமல் வெட்டினால் இரண்டு தீங்குகள் நேரலாம். செடி நஞ்சுடையதாக இருந்தால் வெட்டுபவருக்கும், வெட்டிய தழையைத் தின்னும் ஆடு மாடுகளுக்கும் ஆபத்து. மொட்டு வைக்கும் கிளைகளை வெட்டிவிட்டால் அந்தப் பருவத்தில் பூ கிடைக்காது.

ஒரே நிறம், இரு செடிகள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள பொன்னமராவதி போன்ற வறண்ட ஊர்களில் குறைந்த நீரில் வளரும் பூச்செடிகளே நன்கு நிலைக்கின்றன. இவற்றுள் மஞ்சள் பூப் பூக்கும் இரு செடிகளைப் பூவின் நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றாகக் கருதிவிடலாம். ஒன்று மஞ்சள் அரளி (கஸ்காபெலா தெவெட்டியா). மற்றொன்று சொர்ணப்பட்டி (டெகோமா ஸ்டான்ஸ்). இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியைத் தாயகமாகக் கொண்டவை.

மஞ்சள் அரளியின் இலை குறுகி நீண்டு, ஒவ்வொன்றாக மாறி மாறி அமைந்திருக்கும். கிள்ளினால் வெண்ணிறப் பால் வடியும். காய் பச்சையாக, சதைப்பற்றுடன், மூலைகள் புடைத்து இருக்கும். சொர்ணப்பட்டியின் இலை பல சிற்றிலைகளைக் கொண்ட கூட்டிலை. இலைகள் எதிரெதிராக அமையும். சிற்றிலையின் ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். பால் வடியாது. காய் நீண்ட மெல்லிய நெற்று. முற்றியதும் வெடித்து இறகுள்ள விதைகளை உதிர்க்கும்.

மஞ்சள் அரளியின் விதை உட்பட எல்லாப் பகுதிகளிலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நச்சுப்பொருள் உள்ளது. சொர்ணப்பட்டியில் அத்தகைய நஞ்சு இல்லை. ஆகவே இவ்விரண்டையும் பிரித்தறிவது உயிர்ப் பாதுகாப்பு தொடர்பானது.

அடையாளம் காணும் முறை

பூ இல்லாத காலத்திலும் பின்வரும் நான்கு கூறுகளைக் கொண்டு செடியைப் பெருமளவு அறியலாம்.

1. இலை அடுக்கு: அரளியில் (நீரியம் ஒலியாண்டர்) பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலைகள் இருக்கும். நந்தியாவட்டை, இட்லிப்பூ ஆகியவற்றில் இலைகள் எதிரெதிராகவும், செம்பருத்தியில் மாறி மாறியும் அமையும்.
2. பால்: அரளி, மஞ்சள் அரளி, நந்தியாவட்டை ஆகியவற்றில் பால் உண்டு. இட்லிப்பூவிலும் செம்பருத்தியிலும் இல்லை.
3. முள்: காகிதப்பூச் செடியில் இலைக்கக்கத்தில் முள் இருக்கும். பூவாகத் தோன்றும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவடிச் செதில்கள். பூ அவற்றின் நடுவே சிறியதாக இருக்கும்.
4. காய்: உலர்ந்து செடியிலேயே தங்கிய பழைய காயும் நல்ல சான்றாகும்.

இவற்றால் தெளிவு கிடைக்காவிட்டால் இலை, பூ, காய் கொண்ட சிறு கிளையைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி வைக்கலாம். காய்ந்தால் நிறம் மாறும் என்பதால் பூவின் நிறம், பால் உண்டா என்பது, இடம், நாள் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். இத்தகைய உலர்மாதிரிகளைக் கொண்டே தாவரவியலாளர்கள் பெயரை உறுதி செய்கின்றனர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தொடங்கப்பட்ட இராபினாட் உலர்தாவரத் தொகுப்பகம் இப்பகுதிக்கு அருகிலுள்ள முக்கியத் தொகுப்பகமாகும். அதை நிறுவிய கே. எம். மேத்யூ, தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1981 முதல் பல தொகுதிகளாக நூல் வெளியிட்டவர்.

கவாத்துக்கு ஏற்ற காலம்

மொட்டு எந்தக் கிளையில் உருவாகிறது என்பதே காலத்தைத் தீர்மானிக்கிறது. செம்பருத்தி, அரளி, சொர்ணப்பட்டி, காகிதப்பூ ஆகியவை புதுத் தளிரில் பூக்கும். வெட்டினால் புதிய கிளைகள் தோன்றிப் பூக்கள் பெருகும். மல்லிகையும் அவ்வாறே. தமிழகத்தில் குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. இட்லிப்பூ கிளை நுனியில் கொத்தாகப் பூப்பதால், வேலி போல நுனியை அடிக்கடி வெட்டினால் பூ குறையும்.

குளிர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் வளரும் அசேலியா போன்றவை முந்தைய பருவத்துத் தளிரில் மொட்டு வைப்பவை. பூக்கும் முன் வெட்டினால் அவ்வாண்டுப் பூவை இழக்க நேரிடும்.

எவ்வகை என்று தெரியாதபோது, பூத்து முடிந்த உடனே கவாத்து செய்வது இரு வகைக்கும் பொருந்தும். ஏப்ரல், மே மாதக் கடும் வெயிலிலும் விடாமழை நாட்களிலும் பெரிய வெட்டுகளைத் தவிர்க்க வேண்டும்.

வெட்டும் முறை

- முதலில் காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று உரசும் கிளைகளை நீக்க வேண்டும். நகத்தால் கீறும்போது பச்சை தெரிந்தால் கிளை உயிருடன் உள்ளது.
- வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே, கூரிய கத்தரியால் சாய்வாக வெட்ட வேண்டும்.
- பெயர் தெரியாத செடியில் ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது.
- தடித்த கிளையின் வெட்டுவாயில் போர்டோ பசை பூசலாம்.

பாதுகாப்பு

பால் வடியும் செடி எதுவாயினும், பெயர் உறுதியாகும் வரை அதை நஞ்சுடையதாகவே கருத வேண்டும். கையுறை அணிந்து வெட்டி, பிறகு கையையும் கருவியையும் சோப்பால் கழுவ வேண்டும். அரளித் தழை காய்ந்த பின்னும் நஞ்சு நீங்குவதில்லை. எனவே அதை ஆடு மாடு மேயும் இடத்தில் போடக்கூடாது. புகையும் தீங்கானது என்பதால் எரிக்கவோ அடுப்புக்குப் பயன்படுத்தவோ கூடாது; ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பது நல்லது. இலையையோ விதையையோ குழந்தைகள் தவறுதலாக மென்றுவிட்டால் அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.