லிப்பி: காடும் சுரங்கமும் வளர்த்த ஊர்



ஓர் ஊர் எதனால் பிழைத்தது என்று அறிந்தால் அதன் வரலாற்றில் பாதி விளங்கிவிடும். எதனால் நலிந்தது என்றும் அறிந்தால் மறுபாதியும் விளங்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கே, மான்டானா மாநிலத்தில், கூட்னி ஆற்றங்கரையில் லிப்பி என்றொரு சிற்றூர் உள்ளது. மூவாயிரம் பேருக்கும் குறைவாகவே மக்கள் வாழும் அவ்வூரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1867இல் பொன் தேடி வந்தோர், அங்கு ஓடிய ஓர் ஓடைக்குத் தங்களுள் ஒருவருடைய மகளின் பெயரை இட்டனர். அதுவே பின்னர் ஊர்ப்பெயராயிற்று. ஆயினும் ஊரை நிலைபெறச் செய்தது பொன்னன்று. 1892இல் வந்த இருப்புப்பாதையே. சுற்றியிருந்த மலைகளில் பைன், லார்ச் முதலிய மரங்கள் செறிந்திருந்தன. அவற்றை வெட்டி, அறுத்து, வெளியூர்களுக்கு அனுப்ப வழி பிறந்தது. மரம் அறுக்கும் ஆலைகள் எழுந்தன. பல தலைமுறைகள் அத்தொழிலால் உண்டு வாழ்ந்தன.

இரண்டாவது தொழில் மலைக்குள் மறைந்திருந்தது. எட்வர்ட் ஆலி என்பவர் பழைய சுரங்கமொன்றில் சுடரொளியுடன் சென்றபோது, சூடுபட்ட பாறை பொரிந்து உப்புவதைக் கண்டார் என்பர். அது காக்காப்பொன் இனத்தைச் சேர்ந்த வெர்மிகுலைட். அதன் ஏடுகளுக்கிடையே நீர் அடங்கியுள்ளது. காய்ச்சினால் அந்நீர் ஆவியாகி ஏடுகளைப் பிரித்துத் தள்ளும். கல், புழுவைப்போல் நெளிந்து நீளும். ‘புழு’ என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. இலேசான அப்பொருள் குளிர்நாட்டு வீடுகளில் வெப்பம் வெளியேறாது காக்கவும், தோட்ட மண்ணைப் பொலபொலப்பாக்கவும் பயன்பட்டது. 1919இல் ஆலி சுரங்க உரிமை பெற்றார். ஒரு காலத்தில் உலகத்து வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி அம்மலையிலிருந்தே கிடைத்தது. 1963இல் கிரேஸ் என்னும் நிறுவனம் சுரங்கத்தை வாங்கியது.

அம்மலையிலோ வெர்மிகுலைட்டோடு கல்நாரும் கலந்திருந்தது. கண்ணுக்குப் புலப்படாத அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தைத்துவிட்டால் வெளியேறமாட்டா. நோய் தோன்றப் பத்து முதல் நாற்பது ஆண்டுகள் வரை ஆகலாம். தொழிலாளர் உடையில் படிந்த தூசி வீட்டுக்குச் சென்றது. சுரங்கத்தையே பாராத மனைவியரும் மக்களும் நோயுற்றனர். 1956இலேயே மாநிலச் சுகாதார ஆய்வாளர்கள் ஆலைத் தூசியில் கல்நார் உண்டென்று எழுதிவைத்தனர். அவ்வெச்சரிக்கை ஊராரின் செவிக்கு எட்டவில்லை.

தலைமையாசிரியனாக இருந்த என் நெஞ்சை மிகவும் உறுத்துவது வேறொன்று. சுரங்கக் கழிவு இலவசமாகக் கிடைத்ததால், பள்ளி ஓட்டப்பந்தயத் திடலிலும் அதனைப் பரப்பினர். நல்லெண்ணத்தோடு செய்த செயல்தான். பிள்ளைகள் அதன்மேல் ஓடினர்.

1990இல் சுரங்கம் மூடப்பட்டது. 1999இல் செய்தித்தாளொன்று உண்மையை வெளிப்படுத்திய பின்னரே நடுவணரசின் அதிகாரிகள் வந்தனர். 2009இல் அங்கே பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு, குற்ற வழக்கில் நிறுவனம் விடுதலை பெற்றது. நானூறு பேரளவில் மாண்டனர் எனக் கணக்கிடுகின்றனர். 2,600க்கும் மேற்பட்ட வீடுகளும் நிலங்களும் தூய்மை செய்யப்பட்டன. இதற்கிடையே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய மர ஆலையும் நின்றுபோயிற்று.

இதைக் கேட்டுத் தொழிலே தீது என்று நீங்கள் முடிவு செய்தல் கூடாது. அத்தொழில்களே அம்மக்களுக்குச் சோறிட்டன. கேடு விளைத்தது கல் மட்டுமன்று. அறிந்தோர் அறிந்ததை அறியாதார்க்குச் சொல்லாமையும் ஆகும். நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள், சிலர் மருத்துவராவீர்கள், சிலர் அறிக்கை எழுதும் அதிகாரிகளாவீர்கள். நீங்கள் கண்ட உண்மை, யாருடைய உயிரைக் காக்குமோ அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் கடமை முடிந்ததாகாது.