தேதி தவறினால் சூரியனே சாய்ந்துவிடும்!

5-1-1909. இது எந்தத் தேதி?

"ஜனவரி 5" என்று நாம் சொல்வோம். அமெரிக்காவில் கேட்டால் "மே 1" என்பார்கள்! அங்கே மாதத்தை முதலில் எழுதுவது வழக்கம். இரண்டுக்கும் நடுவே 116 நாள் வித்தியாசம்!

கொடைக்கானலில் உள்ள சூரிய ஆராய்ச்சிக் கூடத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

நூறாண்டுப் படங்கள்

பழனி மலையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தக் கூடம். 1899-ல் அமைக்கப்பட்டது. 1904 முதல் சூரியனை நாள்தோறும் படம் பிடித்துச் சேர்த்தார்கள். மேகம் மறைத்தால் மட்டும் படம் இல்லை.

1909 ஜனவரி 5, செவ்வாய்க்கிழமை. இங்கே வேலை பார்த்த ஜான் எவர்ஷெட் ஒரு அதிசயத்தைக் கண்டார். சூரியனில் உள்ள கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடியது! உலக விஞ்ஞானிகள் அதற்கு "எவர்ஷெட் விளைவு" என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தப் பழைய படங்கள் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருக்கின்றன. கரும்புள்ளி சூரியனில் எந்த இடத்தில் இருந்தது என்று கணக்கிட, படத்தின் தேதி வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுவதால், நம் கண்ணுக்குச் சூரியனின் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். ஜனவரி 5 வாக்கில் அதன் வடதுருவம் ஏறக்குறைய நேராக நிற்கும். மே 1-ல் சுமார் 24 டிகிரி சாய்ந்திருக்கும். தேதி மாறினால் புள்ளியின் இடமும் மாறிப்போகும்!

கம்ப்யூட்டர் ஏமாறுமா?

ஏமாறும்! "13-1-1909" என்று கொடுத்து, மாதம் முதலில் என்று சொன்னால், "13-வது மாதம் கிடையாது" என்று அது மறுத்துவிடும். "5-1-1909" என்றால் சத்தம் இல்லாமல் மே 1 என்று எடுத்துக்கொள்ளும். இப்படி ஏமாற்றக்கூடிய நாட்கள் ஒரு வருஷத்தில் 132!

வருஷத்தைச் சுருக்கினாலும் ஆபத்துதான். பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில், இரண்டு இலக்கத்தில் "09" என்று கொடுத்தால் அது 2009 என்று படிக்கும். எவர்ஷெட் நூறு வருஷம் தள்ளிப் போய்விடுவார்!

இதற்கு வழி உண்டு. முதலில் நாள், பிறகு மாதம், பிறகு நாலு இலக்க வருஷம் என்று வரிசையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேதி சரியாகப் புரிந்தபின், எந்த உருவத்தில் கேட்டாலும் அது மாற்றித் தரும். வருஷம், மாதம், நாள் என்று 1909-01-05 என எழுதுவது உலகப் பொது முறை. இப்படி எழுதினால் தேதிகள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

வானியலார் இன்னொரு முறையும் வைத்திருக்கிறார்கள். மாதமும் இல்லை, வருஷமும் இல்லை. நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டே போவது! அதன்படி, எவர்ஷெட்டின் அந்த நாள் 2418312. நம் நாட்டுப் பழைய ஜோதிடர்களும் கலியுகம் பிறந்த நாளிலிருந்து இதுபோல் எண்ணியவர்களே.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டுக்குப் போகும் மனுவில் பிறந்த தேதியை எழுதும்போது, அவர்கள் கேட்கும் வரிசையைப் பாருங்கள். இடம் இருந்தால் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். "5 ஜனவரி" என்றால், யாரும் அதை மே மாதம் என்று படிக்க முடியாது!