ஆர்டர் குறைந்தால் வேலையின் தரம் ஏன் சரிகிறது?

2025 ஆகஸ்ட் 27 அன்று பல இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கா செல்கிறது. வெளிநாட்டு ஆர்டர் ரத்தாகும்போது, தைத்து முடித்த சரக்கில் ஒரு பகுதி திருப்பூரின் காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்துவிடும். வாங்குபவருக்கு விலை மலிவு. தைத்தவரின் வேலை என்ன ஆகிறது?

ஆர்டர் பெருகினால்

2005 ஜனவரி 1-ல் உலக ஜவுளி வணிகத்தில் கோட்டா முறை முடிந்து ஏற்றுமதிக்கு வழி திறந்தது. இத்தகைய காலங்களில் 'ஆட்கள் தேவை' பலகைகள் பெருகும். அனுபவம் இல்லாதவரையும் சேர்த்துக்கொள்வார்கள். கைமடியாக (தையலருக்கு உதவியாளராக) வந்தவர் சீக்கிரமே தையல் மெஷினில் உட்காருவார். தொழில் சூடுபிடித்தால் கீழ்நிலை ஊழியர்கள் மேலான வேலைக்கு ஏறுவதை அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் ஓக்கன் 1973-லேயே விளக்கினார்.

குறைந்தால்

முதலில் ஓவர்டைம் நிற்கும். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும். பிறகு வேலை நாட்களே குறையும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குத் துணி வராத நாளில் கூலி இல்லை. புதிதாக ஆள் எடுத்தால் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள் இரண்டும் தெரிந்தவரையே கேட்பார்கள். கற்றுக்கொள்ள வந்தவருக்கு வாசல் அடைபடும்.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

ஏற்றுமதி கம்பெனியில் வேலை போனவர் கூலிக்குத் தைத்துத் தரும் சிறிய பவர் டேபிள் யூனிட்டுக்குப் போகிறார். மெஷினும் தையலும் அதேதான். ஆனால் பொதுவாக இ.எஸ்.ஐ.க்கு 10 பேரும், பி.எஃப்.க்கு 20 பேரும் வேலை செய்தால்தான் சட்டம் கட்டாயமாகும். அதற்குக் குறைந்த யூனிட்டில் இரண்டும் கிடைப்பது அரிது. வேலையில்லாதோர் கணக்கில் அவர் வரமாட்டார். பிரசவ கால உதவி, மருத்துவம், ஓய்வூதியம் மட்டும் அவர் கையைவிட்டுப் போயிருக்கும்.

வேலையிழந்த காப்பீட்டாளருக்கு உதவ 2018-ல் இ.எஸ்.ஐ. ஒரு திட்டம் தொடங்கியது. 2020-ல் அந்த உதவி சராசரிக் கூலியில் பாதியாக உயர்ந்தது. 90 நாள் வரை கிடைக்கும். ஆனால் போதிய காலம் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். பதிவேட்டில் பெயரே இல்லாதவர் இதைக் கேட்கக்கூட முடியாது.

செய்ய வேண்டியது

1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. இன்றும் தொழிற்சங்கங்களும் உரிமையாளர் சங்கங்களும் பேசியே கூலியை முடிவு செய்கின்றன. அந்த ஒப்பந்தத்தில் கூலி உயர்வோடு, பவர் டேபிள், காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் இ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவும் இடம்பெற வேண்டும். ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் தவிக்கும் காலமே இதைக் கேட்டுப் பெறுவதற்கு ஏற்றது. மந்தம் வந்தபின் கேட்கும் வலு தொழிலாளிக்கு இருக்காது.