பீரோவுக்குள் உப்பிய பேட்டரி

முழுப் பரீட்சை நெருங்கியதும் என் அக்கா முதல் வேலையாக மகனின் ரிமோட் காரைப் பிடுங்கி, பட்டுப்புடவைகள் இருக்கும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதுவரை தினமும் மாலை ஆறு மணிக்கு மேல், வண்டிகளை நிறுத்திவிடும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் நடுவே பறந்துகொண்டிருந்த கார் அது. மே மாதக் கடைசியில் பீரோவைத் திறந்தபோது காருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதன் பேட்டரிதான் பூரிபோல் உப்பியிருந்தது.

“ஃபுல் சார்ஜ் போட்டுத்தான் மாமா வச்சேன். ஒரு நாள்கூட ஓட்டலையே, எப்படிக் கெட்டுப்போகும்?” என்றான் பையன். ஃபுல் சார்ஜ் போட்டு வைத்ததுதான் கெடுத்தது என்றேன். அவனும் நம்பவில்லை, அக்காவும் நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருக்கிறது.

பேட்டரியைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு வேதவாக்குகள் உலவுகின்றன. ‘எப்பவும் ஃபுல்லா வை’ என்பது ஒன்று. ‘சுத்தமா தீர்ந்தப்புறம் சார்ஜ் போடு’ என்பது மற்றது. இரண்டும் வேறு வேறு உலோகங்களுக்காகச் சொல்லப்பட்டவை.

முதலாவது ஈயத்தின் விதி. 1859-இல் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் துணி கொடுத்துப் பாய்போல் சுருட்டிக் கந்தக அமிலத்தில் இறக்கினார். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரி அது. புதுச்சேரியும் அப்போது அவர் நாட்டுக் கொடியின் கீழ்தான் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்து, மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் போனபிறகு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வந்து உட்கார்ந்த இன்வெர்ட்டர் பேட்டரி, அந்தச் சுருளின் கொள்ளுப்பேரன். ஈய பேட்டரியைக் காலியாகப் போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். அதனால் அதற்கு முழுதாக வைப்பதே சரி.

இரண்டாவது நிக்கல் காட்மியத்தின் விதி. பல ஆண்டுகள் ரிமோட் கார்களை ஓட்டியவை இவைதாம், 1.2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்து 7.2 வோல்ட். பாதி தீர்ந்த நிலையிலேயே மறுபடி மறுபடி சார்ஜ் செய்தால் அந்தப் பாதியையே முழுசு என்று பழகிக்கொள்ளும் என்ற பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைப்படுத்திய பேச்சு, ஆனால் முழுப் பொய் இல்லை. பழைய ஆட்கள் ஓட்டம் முடிந்ததும் ஒரு பல்பை மாட்டி மிச்சத்தை எரித்துத் தீர்ப்பார்கள்.

லித்தியத்துக்கு இரண்டுமே ஆகாது.

பையனின் காரில் இருந்தது லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேக். இத்தகைய செல் பலவற்றில் ஒரு பக்கம் கோபால்ட் ஆக்சைடு, மறுபக்கம் கிராஃபைட், அதாவது பென்சில் கரி. இரண்டும் ஏடு ஏடாக அமைந்தவை. லித்தியம் அயனிகள் அந்த ஏடுகளின் இடையில் புகுந்து உட்காரும். சார்ஜ் செய்யும்போது கோபால்ட் பக்கத்திலிருந்து பிடுங்கிக் கிராஃபைட்டுக்குள் திணிக்கிறோம். கார் ஓடும்போது அவை தாய்வீடு திரும்புகின்றன. ‘ஃபுல்’ என்று நாம் சொல்லும் 4.2 வோல்ட்டில், கோபால்ட் பக்கத்து லித்தியத்தில் ஏறக்குறைய பாதிதான் வெளியேறியிருக்கும்! மீதியையும் உருவினால் ஏடுகள் குலையும், ஆக்சிஜன் கழன்றுவரும். ஆகவே ஃபுல் சார்ஜ் என்பது நிரம்பிய குடம் இல்லை. இதற்கு மேல் வேண்டாம் என்று வேதியியலாளர்கள் கிழித்த கோடு.

அந்தக் கோட்டிலேயே வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால், எலக்ட்ரானுக்கு ஏங்கும் கோபால்ட் ஆக்சைடு தன்னைச் சுற்றியுள்ள மின்பகு திரவத்திடமிருந்து அதைப் பறிக்கிறது. திரவம் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களாகிறது. கார் ஓடுகிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை, இரும்பு பீரோ, புதுச்சேரியின் கத்திரி வெயில்: பேட்டரிக்கு வேறென்ன வேண்டும்? எடையைக் குறைப்பதற்காக இந்த செல்களை எஃகுக் குப்பியில் அடைக்காமல் அலுமினியப் பையில் ஒட்டுகிறார்கள். அதனால்தான் உள்ளே நடந்தது வெளியே பூரியாகத் தெரிந்தது.

காலியாக வைத்தாலோ வேறு வினை. கிராஃபைட்டைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய செம்புத் தகடு. செல் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிக் கிடந்தால் அந்தச் செம்பு கரையத் தொடங்கும். அடுத்த சார்ஜில் முள்போல் படிந்து இரு முனைகளையும் இணைத்துவிடக்கூடும். கார் அணைந்திருந்தாலும் பிளக் மாட்டியே இருந்தால் துளித்துளியாக மின்சாரம் வடியும். ஓட்டியதும் பேக்கைக் கழற்றச் சொல்வது இதனால்தான்.

சார்ஜ் போடும்போது கவனிக்க வேண்டியது வெள்ளை பிளக்கில் போகும் மெல்லிய வயர்களை. இரண்டு செல் பேக்கின் உச்சம் 8.4 வோல்ட். ஒரு செல் 4.1-இலும் மற்றது 4.3-இலும் நின்றாலும் கூட்டுத்தொகை அதே 8.4தான், தடித்த வயரை மட்டும் பார்க்கும் சார்ஜருக்கு எல்லாம் ஒழுங்கு. அந்த மெல்லிய வயர்கள்தாம் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்கின்றன. 5000 மில்லி ஆம்பியர்-மணி பேக்குக்கு 5 ஆம்பியர் சார்ஜ் போதும், ஒரு மணி நேரத்தில் ஆகிவிடும். அதிலுள்ள ஆற்றல் 37 வாட்-மணி. அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கும் அளவு. அடுப்பில் அது சாதாரணம். பட்டுப்புடவை நடுவே ஒரே மூச்சில் வெளிப்பட்டால் சாதாரணமில்லை.

இந்த வேதியியலுக்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டியபோது, எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாற இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. லித்தியம் அயனி செல் செய்யும் தொழில்நுட்பத்தை அந்நிறுவனம் 2018 ஜூனில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்கியது.

லித்தியம் சுகமாக இருக்கும் இடம் நடுவில், செல்லுக்கு 3.8 வோல்ட் சுமாரில். நல்ல சார்ஜர்களில் ‘ஸ்டோரேஜ்’ என்றொரு பொத்தான் இருக்கும். குறைந்தால் ஏற்றும், கூடினால் இறக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் அதை அழுத்திவிடுங்கள். உப்பிய பேக்கைக் குத்திப் பார்க்காதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். குப்பை வண்டியிலும் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு வழிசெய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தும் விதிகள் 2022-இல் வந்திருக்கின்றன.

புதிய பேக் இப்போது கீழ்த்தளத்தில், வெயில் படாத மூலையில், மணல் பரப்பிய மண்சட்டியில் இருக்கிறது. போன மாதம் வைத்தபோது இரண்டு செல்லும் 3.83 வோல்ட். நேற்று அளந்தேன்: 3.82, 3.82.