பூட்டுத் திறக்கும் கைகள்: அன்றும் இன்றும்

லண்டன் பிக்காடிலி வீதியில் இருந்த பிராமா நிறுவனத்தின் கடைச் சன்னலில் 1790 முதல் ஒரு பூட்டு காட்சிக்கு இருந்தது. இதைச் சாவியில்லாமல் திறக்கும் கருவியைச் செய்து காட்டுகிறவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிப்பும் இருந்தது. பூட்டுக்குள் 18 சறுக்குத் தகடுகள். ஒவ்வொன்றும் தனக்குரிய ஆழத்துக்கு மயிரிழை பிசகாமல் அமுங்கினால்தான் திறக்கும். அறுபது ஆண்டுகளாக அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

1851இல் ஹைட் பார்க்கில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, நியூயார்க்கின் ஒரு பூட்டு நிறுவனத்துக்காக ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் லண்டன் வந்தார். முதலில் அவர் கை வைத்தது சப் நிறுவனத்தின் 'டிடெக்டர்' பூட்டில். தப்பான சாவியோ கம்பியோ உள்ளே போய் ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால், அந்தப் பூட்டு அப்படியே இறுகிக்கொண்டு சொந்தக்காரருக்குத் துப்புக் கொடுத்துவிடும். ஹாப்ஸ் அந்தக் காவல் ஏற்பாட்டையே தனக்கு வழிகாட்டியாக்கிக்கொண்டு சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். அடுத்தது பிராமா பூட்டு. 16 நாட்களில் பரவிக் கிடந்த 51 மணி நேர உழைப்பு அது. இங்கிலாந்தின் பெருமையாக இருந்த இரண்டு பூட்டுகளும் ஒரே கோடையில் விழுந்தன.

ஆனால் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சப் பூட்டு திறந்தபோது அழைப்பின் பேரில் வந்த சில கனவான்கள். பிராமா பூட்டுக்கு நடுவர் குழு ஒன்று. ஊர் முழுவதும் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டது. ஹாப்ஸ் கையாண்ட முறையே சரியில்லை என்று பிராமா நிறுவனம் முறையிட்டது. நடுவர்கள் அதைக் கேட்டபிறகும் பரிசைக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் கை எப்படி அசைந்தது, எந்த இடத்தில் தயங்கியது, எந்தத் தகடு முதலில் இணங்கியது என்பதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே தங்கிவிட்டது.

இன்று அந்தக் கைதான் படத்தின் நாயகன். பெரும்பாலான பூட்டுத் திறப்புக் காணொளிகளில் முகமே தெரியாது. ஒரு மேசை, ஒரு வைஸ், அதில் பிடித்து வைத்த பூட்டு, இரண்டு கைகள். முதலில் பூட்டு பூட்டித்தான் இருக்கிறது என்று இழுத்துக் காட்டுவார்கள். பிறகு எங்கும் வெட்டாத ஒரே ஓட்டமாகப் பதிவு போகும். திறந்ததோடு முடிவதில்லை, தேர்ந்தவர்கள் அதற்கடுத்து பூட்டைப் பிரித்தும் காட்டுகிறார்கள். நடு உருளையை வெளியே இழுக்கும்போது, பின்னாலேயே அதே பருமனுள்ள ஒரு கோலைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். இல்லாவிட்டால் மேலே இருக்கும் சின்னஞ்சிறு ஸ்பிரிங்குகளும் பின்களும் தெறித்துப் போகும். பின்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை மாறாமல் தட்டில் அடுக்கி, கேமராவுக்குக் கிட்டத்தில் கொண்டுவருவார்கள். கடினமான பின்களைக் கழற்றி வைத்துவிட்டு ஏமாற்றவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. 1851இல் நடுவர் குழு செய்த வேலையை இன்று பார்க்கிற ஒவ்வொருவரும் செய்கிறார்கள். இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கை செய்கிற வேலை மட்டும் மாறவே இல்லை. நம் கதவுகளில் இருக்கும் சிலிண்டர் பூட்டில் ஐந்தாறு துளைகள்; ஒவ்வொன்றிலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு பின்கள். சாவியின் பல் அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் நடு உருளை சுழலும். அந்தத் துளைகளை இம்மியும் விலகாத ஒரே நேர்க்கோட்டில் போட எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. வளைந்த கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால், ஏதோ ஒரு பின் மற்றவற்றுக்கு முன்பாக இறுகும். அதைத் தேடிப்பிடித்துத் தூக்கினால் 'டிக்' என்று ஓர் ஓசை, உருளையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நகர்வு. அடுத்து இன்னொரு பின் இறுகும். இதைக் கெடுக்கத்தான் நூல்கண்டுபோல நடுவில் ஒடுங்கிய பின்களை வைக்கிறார்கள். பூட்டு பாதி திறந்ததுபோல் போக்குக் காட்டி அங்கேயே நின்றுவிடும். அப்போது பிடியை மெல்லத் தளர்த்தி, உருளை பின்னோக்கி நழுவ இடம் கொடுக்க வேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்பதை எந்தக் காணொளியும் சொல்லித்தர முடியாது. விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஹாப்ஸும் பூட்டின் நாக்குக்கு அழுத்தம் கொடுத்து, இறுகும் லிவர் தகட்டைத் தேடியவர்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டும் அதே லிவர் சாதி.

ஹாப்ஸுக்கும் காணொளிக்கும் இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் இந்தக் கலை கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தது. குறையைக் காட்டியவனையே குற்றவாளியாகப் பார்ப்பார்கள். அணுகுண்டு ஆய்வில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1940களில் ஓக் ரிட்ஜில் ஒரு கர்னலின் பெட்டகத்தைத் திறந்து காட்டினார். கதவு திறந்து கிடக்கும்போதே அதன் எண்களைப் பிடித்துவிடலாம், மூடி வையுங்கள் என்று எச்சரித்தார். ஃபைன்மன் யார் அறைக்கெல்லாம் வந்துபோனாரோ அவர்கள் எண்ணை மாற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை போனதாக அவரே எழுதியிருக்கிறார். 1991இல் எம்.ஐ.டி. மாணவர் வட்டத்திலிருந்து வந்த கையேட்டிலும் புனைபெயர்தான் இருந்தது. 1997இல் ஹாம்பர்க்கில் ஆர்வலர்கள் சங்கமே தொடங்கினார்கள், நெதர்லாந்தும் பின்தொடர்ந்தது. அதற்குப் பிறகுதான் இது விளையாட்டு என்ற பெயரோடு வெளிச்சத்துக்கு வந்தது. 2003இல் மாட் பிளேஸ் என்ற கணினி ஆய்வாளர், ஒரு சாதாரண அறைச் சாவியிலிருந்து தொடங்கிக் கட்டடம் முழுவதற்குமான பொதுச் சாவியைக் கணித்துவிடும் வழியை எழுதினார். எங்களுக்கு முன்பே தெரியும், வெளியில் ஏன் சொன்னாய் என்று பூட்டுத் தொழிலாளர்கள் கொதித்தார்கள். தெரிந்தும் வாடிக்கையாளரிடம் சொல்லாமல் இருந்ததுதானே பெரிய தவறு?

காட்சி எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு சைக்கிள் பூட்டுதான் எனக்குத் தெரிந்த சிறந்த சான்று. வட்டச் சாவி போடும் சில பூட்டுகளைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழாயால் திறக்கலாம் என்று 1992இலேயே பிரிட்டனில் ஒரு சைக்கிள் பத்திரிகை எழுதிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. 2004இல் கிரிப்டோனைட் நிறுவனத்தின் பூட்டைப் பேனாவால் திறக்கும் காணொளி இணையத்தில் பரவியது. நிறுவனம் பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவற்றை இலவசமாகக் கொடுக்க முன்வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் எழுத்தால் ஆகாதது, சில நொடிப் படத்தால் ஆயிற்று.

கோபம் இன்னும் அடங்கவில்லை என்பதும் உண்மை. 2025இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு நிறுவனம், தன் பூட்டைப் பான டப்பாவின் தகட்டுத் துண்டால் திறந்து காட்டியவர்மீது வழக்குப் போட்டது. காணொளிக்கு இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. நிறுவனம் வழக்கை விலக்கிக்கொண்டது. திருடர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களே என்ற கேள்வியை ஹாப்ஸும் எதிர்கொண்டிருக்கிறார். திருடர்களுக்கு இது முன்பே தெரியும், தெரியாதவர்கள் பூட்டு வாங்குகிற நல்லவர்கள்தான் என்பது அவர் நிலை. என் நிலையும் அதுவே. ஆர்வலர்கள் இரண்டு விதிகளைக் கண்டிப்பாகக் காக்கிறார்கள்: சொந்தமில்லாத பூட்டை அனுமதியின்றித் தொடாதே, புழக்கத்தில் உள்ள பூட்டிலும் கை வைக்காதே. இரண்டாவது விதி புதியவர்களுக்கு அதிகம் உதவும். வாசல் கதவுப் பூட்டில் பழகப்போய் ஒரு பின் கோணலாகச் சிக்கிக்கொண்டால் இரவை வெளியேதான் கழிக்க வேண்டும்.

2015இல் யூடியூபில் தொடங்கிய 'லாக்பிக்கிங்லாயர்' சேனல் இந்தக் கலையை லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டுசேர்த்தது. பார்க்கிறவர்களில் பலர் பார்ப்பதோடு நின்றுவிடுவார்கள். கம்பி வாங்கி உட்கார்கிறவர்கள் சிலர்தான். அந்தச் சிலருக்குள் கராத்தேயில் உள்ளதுபோல வெள்ளை முதல் கறுப்பு வரை பட்டைகள் உண்டு. மேல்பட்டை கேட்கிறவர் திறந்த காணொளியைத் தர வேண்டும். ஹாப்ஸுக்குப் பூட்டுக்காரர்கள் எதிராளிகள். இவர்களோ தாங்களே பின்களைக் கடைந்து, வேண்டுமென்றே கடினமாக்கிய பூட்டை முன்பின் பார்த்திராத இன்னொருவருக்குத் தபாலில் அனுப்புகிறார்கள். பெற்றவர் திறந்து, பிரித்து, படம் பிடித்துப் போடுகிறார். அனுப்பியவர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். அந்த மூன்றாவது பின் ஏன் இவ்வளவு சீக்கிரம் இணங்கியது என்று யோசித்து, அடுத்த பூட்டுக்கு அதை வேறு மாதிரி கடையத் தொடங்குகிறார்.