பட்டும் பையும்

காலந்தோறும் மோஸ்தர்கள் மாறுகின்றன. ஆயினும் நல்ல பட்டின் மீதும் அழகிய கைப்பையின் மீதும் பெண்டிர் கொண்ட விருப்பம் குன்றுவதில்லை. இதற்குக் காரணம் யாது?

பாரிஸ் மாநகரில் 1837ஆம் ஆண்டில் தியரி ஹெர்மெஸ் என்பவர் குதிரைச் சேணம் தைக்கும் பட்டறையொன்றை நிறுவினார். மோட்டார் வண்டிகள் பெருகவே, அவர் வழிவந்தோர் அதே கைத்திறனைப் பைகளின்பால் செலுத்தினர். மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்துத் தைப்பது சேணத் தையல். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இடம் எளிதில் அவிழாது. 1937இல் அந்நிறுவனம் பட்டுக் கழுத்துக்குட்டைகளையும் வெளியிட்டது. 1956இல் மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி அதன் பையொன்றை ஏந்திய படம் பத்திரிகைகளில் வந்தது. பின்னர் அப்பை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 2025இல் நடிகை ஜேன் பர்கின் பல்லாண்டு சுமந்த பழைய பை, பாரிஸ் ஏலத்தில் ஏறத்தாழ 86 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. கீறலும் கறையும் படிந்த பைக்கு இத்துணை விலை! தோலுக்கும் தையலுக்கும் மேலாக, ஒருவருடைய வாழ்க்கை அதில் படிந்திருந்தமையே காரணம்.

திம்புள்ளத் தோட்டங்களில் இவ்வுண்மை வேறு வடிவில் விளங்குகின்றது. இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் அன்றாட உடையில் பட்டுக்கு இடமில்லை. எனினும் லயத்து அறையின் பெட்டிக்குள், பழைய வேட்டித் துணியில் பொதிந்த கூறைப்பட்டு ஒன்று பல வீடுகளில் உண்டு. தாய் உடுத்தது மகளின் சடங்கிலும் மீண்டும் ஒளிரும். அங்கே அது குடும்பத்தின் மானத்துக்கு ஒரு சாட்சி.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, தறியிலேயே ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. பட்டிழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் சரிகை. போலிப் பட்டு மலிந்துவிட்ட இந்நாளில், ஓரத்து நூல் ஒன்றை எரித்துப் பார்ப்பது நலம். அசல் பட்டு மயிர் கருகும் வாடை வீசிச் சாம்பலாய்ப் பொடியும். செயற்கை இழையோ பெரும்பாலும் உருகிக் கட்டியாகும்.

மலைநாட்டின் பனியும் மழையும் பட்டுக்குப் பகை. பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்; பருத்தித் துணியில் பொதிவதே தக்கது. ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் சரிகை முறியுமாதலின், அவ்வப்போது மடிப்பை மாற்ற வேண்டும். சனவரி முதல் மார்ச்சு வரை வீசும் வறண்ட குளிர்காற்றில், நிழலில் சற்று நேரம் விரித்துலர்த்துவது சிறப்பு.

அதே காற்றுத்தான் திம்புள்ளத் தேயிலைக்கு ஆண்டின் மிகச் சிறந்த மணத்தைத் தருகின்றது. அக்காலத் தேயிலை உலகச் சந்தையில் அருமைப் பொருள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பெரும்பாலும் அது பெண்கள் கையால் பறித்தது. பைக்குப் புகழ் சூட்டியவரின் பெயரை உலகம் அறியும். பட்டு நெய்தவர் பெயரும் கொழுந்து பறித்தவர் பெயரும் பொட்டலத்தில் இல்லை.

விருப்பம் பிழையன்று, அதற்காக நகையை அடகு வைத்துக் கடன்படுவதே துன்பம். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்தில் ஒரு பட்டின் வட்டி பிள்ளையின் பள்ளிச் செலவை விழுங்கிவிடலாம். நான்கு போலிகளைத் தவணையில் வாங்குவதிலும், இயன்றபோது அசலான ஒன்றை வாங்கிப் பேணுவதே அறிவுடைமை. உழைப்பின் அருமை அறிந்த கைகளுக்கே, பிறர் உழைப்பில் விளைந்த அழகைப் போற்றவும் நன்கு தெரியும்.